மேல் தட்டில் இருந்த நான்கு பிளக்குகள்

1

வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரை நினைத்து எழுதுவார்கள். அதுதான் வழக்கம். நான் ஸ்ரீரங்கத்தில், சொந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு வெளிநாட்டை நினைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். பதினான்கு வருடமாக ஒஹையோவில் ஒரு சின்ன ஊரில் குடியிருப்பவன் நான். அப்பாவுக்கு மூட்டு ஆபரேஷன், மூன்று வாரத்தில் திரும்பிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்றோடு நாலு மாதமும் பத்து நாளும் ஆகிறது. அப்பா கைத்தடியைக் கூட விட்டுவிட்டு ராஜகோபுரம் வரை நடந்து போய் வருகிறார். நான்தான் நகரவில்லை.

விஷயம் இதுதான். என் பழைய விசா காலாவதியாகி இருந்தது. திரும்பிப் போவதற்கு முன் சென்னையில் ஒரு நேர்காணலுக்குப் போய்ப் புது முத்திரை வாங்க வேண்டும். போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். என்ன வேலை, எந்தக் கம்பெனி என்று கேட்டார். பிறகு பாஸ்போர்ட்டோடு ஒரு சீட்டையும் சேர்த்து நீட்டினார். கூடுதல் சரிபார்ப்பு தேவைப்படுகிறது, முடிந்ததும் தெரிவிப்போம் என்று அதில் இருந்தது. எப்போது முடியும் என்று அதில் இல்லை. இணையதளத்தில் என் எண்ணைப் போட்டுப் பார்த்தால் 'மறுக்கப்பட்டது' என்று வருகிறது. அப்படி வந்தால் மறுத்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை, இன்னும் பரிசீலனையில் இருக்கிறது என்று அர்த்தமாம். இதை அப்பாவுக்குப் புரியவைக்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

"மறுத்தாச்சுன்னு போட்டிருக்கான். நீ இல்லேங்கற. அவன் சொல்றத நம்பறதா, நீ சொல்றத நம்பறதா?" என்றார். திருவெறும்பூர் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருடம் தரப் பரிசோதனையில் இருந்தவர். எழுதியிருப்பதைத்தான் நம்புவார்.

தினமும் காலையில் காபிக்கு முன் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன். மத்தியானம் ஒரு தடவை. சாயங்காலம் அங்கே ஆபீஸ் திறக்கும் நேரம் என்று இன்னொரு தடவை. நேர்காணல் நடந்தது சென்னையில், நான் பார்ப்பதோ ஒஹையோ நேரத்துக்கு. அடைபட்டவனுக்கு லாஜிக் கிடையாது.

2

இந்த ஊரில் கேள்விக்கு ஒரு வளர்ச்சி உண்டு. முதல் வாரம் "எப்ப வந்தீங்க?" மூன்றாம் வாரம் "எப்ப கிளம்பறீங்க?" இரண்டாம் மாதம் "இன்னும் கிளம்பலியா?" மூன்றாம் மாதத்திலிருந்து யாரும் கேட்பதில்லை. என்னைப் பார்த்ததும் பேச்சைக் குறைத்துக்கொண்டு அம்மாவின் சர்க்கரை அளவைப் பற்றி விசாரிக்கிறார்கள். அந்தக் கேள்விகளே தேவலை என்று ஆகிவிட்டது.

கீழ்வீட்டு மாமா மட்டும் விடுவதில்லை. கோயிலுக்கு நெருங்கிய குடும்பம். காலையில் சேவித்துவிட்டு வரும்போது படிக்கட்டில் என்னைப் பிடித்துக்கொள்வார்.

"என்னப்பா, ஏதாவது தகவல் வந்துதோ?"

"இன்னும் இல்ல மாமா."

"நீ எதுக்கு முகத்தை இப்படி வெச்சுண்டிருக்கே? இந்த மண்ணுல நாலு நாள் வாசம் கிடைக்காதான்னு எத்தனை பேர் தவிக்கறா தெரியுமோ? உன்னைப் பெருமாள் கையைப் பிடிச்சு நிறுத்தி வெச்சுண்டிருக்கார். இது அனுக்கிரகம்ப்பா. அவர் எப்போ விடறாரோ அப்போ போ."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெருமாள் என்னைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறார், சரி. என் மனைவியும் மகளும் பதினான்காயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார்களே, அவர்களை யார் பிடித்துக்கொள்வது? கேட்கவில்லை. "சரிங்க மாமா" என்று மாடியேறிவிட்டேன். பெரியவர்.

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் ஆவணங்களை ஸ்கேன் செய்யப் போய்க்கொண்டிருந்தேன். பதினைந்து வருடத்தில் எங்கெங்கே பயணம் செய்தேன், என் தம்பி என்ன வேலை பார்க்கிறான் என்றெல்லாம் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். சாலையைக் கடக்கும்போது பழக்கதோஷத்தில் இடது பக்கம் பார்த்துவிட்டுக் காலை வைத்துவிட்டேன். வலது பக்கத்திலிருந்து பஸ். ஒரு ஆள் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். "பாத்துப் போங்க சார். எந்த ஊருங்க நீங்க?"

"இந்த ஊர்தாங்க" என்றேன். அவர் நம்பவில்லை. எனக்கும் சொல்லும்போது அவ்வளவு உறுதியாக இல்லை.

3

என் மனைவி பெயர் ரேவதி. அங்கே ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிறாள். மகள் ஹரிணி. பதினெட்டு வயது. பள்ளியின் கடைசித் தேர்வுகள் என்பதால் அவர்கள் என்னோடு வரவில்லை. பட்டமளிப்பு விழாவை நான் போனில்தான் பார்த்தேன். கறுப்பு அங்கி போட்ட முந்நூறு பிள்ளைகளில் என் பிள்ளை எது என்று தெரியவில்லை. தெரிந்த மாதிரி கைதட்டினேன்.

அதைப் பொறுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் இருந்தது. ஆகஸ்டில் அவளைக் கல்லூரி விடுதியில் கொண்டுபோய் விட வேண்டும். காரில் மூன்றரை மணி நேரப் பயணம். பெட்டி, படுக்கை, மேசை விளக்கு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு அப்பாதான் ஓட்டிக்கொண்டு போய் விட வேண்டும். அந்த ஊரில் அது ஒரு சடங்கு மாதிரி. அறைக்குள் கட்டிலை நகர்த்திப் போட்டு, சுவரில் கொக்கி மாட்டிக் கொடுத்துவிட்டு, திரும்பி வரும்போது அப்பாக்கள் அழுவார்கள். விழா போனால் போகட்டும், அதற்குள் போய்விடுவேன் என்று இருந்தேன். ஜூன் போனது. ஜூலை போனது.

இதற்கு நடுவில்தான் காருக்குச் சீக்கு வந்தது.

"சிக்னல்ல நின்னா வண்டி நடுங்குதுங்க. ஒரு மஞ்ச லைட்டும் எரியுது" என்றாள் ரேவதி.

"மிஸ்ஸிங் அடிக்குது. ஸ்பார்க் பிளக்காத்தான் இருக்கும். நீ மெதுவா ஆபீஸ் வரைக்கும் ஓட்டு, ஹைவேல ஏத்தாத. நான் வந்து மாத்தறேன்."

இது மே மாதம். ஜூனிலும் இதையேதான் சொன்னேன், ஜூலையிலும். பக்கத்து மெக்கானிக்கிடம் விடுகிறேன் என்றாள். வேண்டாம், அரைமணி நேர வேலை, நான் வந்து மாத்தறேன் என்றேன். அந்த வீட்டில் எனக்காக ஒரு வேலை காத்துக்கொண்டிருக்கிறது என்பது எனக்குத் தேவையாக இருந்தது. அப்போது இப்படி நினைக்கவில்லை. இப்போது எழுதும்போது தெரிகிறது.

ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை ரேவதி போன் செய்து, "இன்னிக்கு நானே மாத்தப் போறேன். நீங்க கூட இருந்து சொல்லுங்க. வர்ற வியாழக்கிழமை ஹரிணிய விடணும். இதுக்கு மேல தள்ள முடியாது" என்றாள்.

அங்கே காலை ஒன்பது, இங்கே மாலை ஆறரை. நான் மொட்டைமாடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

4

இன்ஜினில் தீப்பொறி போடுகிற பிளக் என்பது எங்கள் ஊரில் தூக்கிப்போடுகிற பொருள் இல்லை. ஸ்கூட்டர் நின்றுவிட்டால் ஒரு பக்கமாகச் சாய்ப்போம். உதைப்போம். கேட்கவில்லை என்றால் பிளக்கைக் கழற்றி, எமரி பேப்பரில் நாலு தேய் தேய்த்து, வாயால் ஊதி, திரும்ப மாட்டுவோம். வண்டி ஓடும். அப்பாவின் ஸ்கூட்டரில் முன்பெட்டியில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய பழைய பிளக் ஒன்று எப்போதும் இருக்கும், அவசரத்துக்கு.

கல்யாணமான புதிதில் ரேவதியை அந்த ஸ்கூட்டரில் உட்கார வைத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் வந்தேன். காவிரிப் பாலத்தின் நட்டநடுவில் நின்றுவிட்டது. பிளக்கைக் கழற்றினேன். துடைக்கக் கைக்குட்டை இல்லை. கண்ணுக்கு முன்னால் புதுப்பெண்ணின் முந்தானை பறந்துகொண்டிருந்தது. பிடித்துத் துடைத்துவிட்டேன். மாம்பழ மஞ்சள் பட்டுப்புடவை. கறுப்பாக ஒரு திட்டு. அவள் என்னைப் பார்த்தாள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. வண்டி கிளம்பியது. கறை இருபத்திரண்டு வருடமாகப் போகவில்லை. அன்றைக்கே இந்தப் பெண் சாதாரணமானவள் இல்லை என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒஹையோ போன பிறகும் கை மாறவில்லை. ஆறு வருடத்துக்கு முன் இதே காருக்கு நானேதான் பிளக் மாற்றினேன். அதைச் சொல்லித்தான் இவ்வளவு காலமும் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன்.

5

அந்தச் சனிக்கிழமை ஹரிணிதான் போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு கையில் என்னை, இன்னொரு கையில் டோஸ்ட்டை.

"இன்ஜின் ஆறியிருக்கா?" என்றேன்.

"நேத்து ராத்திரிலேர்ந்து எடுக்கவே இல்லீங்க" என்றாள் ரேவதி.

"கராஜ்ல அலமாரி மேல் தட்டுல நாலு நீல அட்டைப்பெட்டி இருக்கும் பாரு. புது பிளக். நான் எப்பவோ வாங்கி வெச்சது."

எடுத்து வந்தாள். ஹூட்டைத் திறந்தாள். மேல்மூடியைக் கழற்றினாள். நாலு பிளக்குக்கும் மேலே தொப்பி மாதிரி, மின்சாரம் கொடுக்கிற நாலு காயில் இருக்கும். ஒயரைப் பிடுங்கி, சின்ன போல்ட்டைக் கழற்றி, காயிலை நேராக மேலே இழுக்க வேண்டும். ஆழமான குழிக்குள்ளே பிளக் தெரியும்.

"உடனே கழட்டாத. முதல்ல குழிக்குள்ள ஊது. தூசி உள்ள விழுந்துடப்போவுது."

"அப்பா, அம்மா ஆல்ரெடி வீடியோ பாத்துட்டாங்க. ரெண்டு தடவை" என்றாள் ஹரிணி.

"வீடியோல நம்ம கார் வராது."

"எக்ஸாக்ட் மாடல்பா. எக்ஸாக்ட் இயர்."

நான் அதைக் காதில் வாங்காத மாதிரி இருந்துவிட்டேன். ஹரிணிக்கு வேறு ஏதோ மெசேஜ் வந்திருக்க வேண்டும். போனைக் கண்ணாடிமேல் வைப்பர் இடுக்கில் செருகிவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு எனக்கு ஒஹையோவின் வானமும் ரேவதியின் முழங்கையும்தான் தெரிந்தன. முழங்கையைப் பார்த்துக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தேன். முதல்ல புதுசக் கையாலயே திருகு. சிக்குச்சுன்னா விட்டுட்டுத் திரும்ப ஆரம்பி. கடைசியில ஸ்பேனர் போட்டு அரைத் திருகு, போதும், பலம் காட்டாத. முழங்கை ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றது.

எல்லாம் முடிந்து ஹரிணி வந்து ஸ்டார்ட் செய்தாள். ஸ்டார்ட் ஆனது. ஆனால் நடுக்கம் போகவில்லை. எனக்குப் போனிலேயே கேட்டது. முன்பைவிட மோசமாக இருந்தது.

"என்னங்க இது?" ரேவதியின் முகம் இப்போதுதான் திரையில் வந்தது. மூக்கில் கறுப்பு.

"காயிலா இருக்கும். நீ ஒண்ணும் பண்ணாத. வை, யோசிச்சு சொல்றேன்."

6

கீழே வந்தேன். அம்மா சமையலறையில் ரவா உப்புமாவுக்கு அடுப்பைப் பற்றவைத்திருந்தாள். ரவையை எடுத்துக்கொடு என்றாள். தேடினேன். ரவை என்று எழுதிய டப்பாவில் கடலைப்பருப்பு இருந்தது. பிஸ்கட் டப்பாவில் வரமிளகாய். ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தால் அதில்தான் ரவை.

"எழுதியிருக்கறது ஒண்ணு, உள்ள இருக்கறது ஒண்ணு. என்னம்மா இது?"

"டப்பா நல்லாருக்குன்னு எடுத்து வெச்சேன். மேல என்ன எழுதியிருந்தா என்ன? நான் வெச்சது எனக்குத் தெரியாதா?"

ரவை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். எனக்கு ஞாபகம் வந்துவிட்டது.

ஆறு வருடத்துக்கு முன் பிளக் மாற்றினேன் அல்லவா? கழற்றின பழைய நாலு பிளக்கையும் துடைத்தேன். எமரி பேப்பரில் தேய்த்தேன். அவசரத்துக்கு ஆகும் என்று, காலியாக இருந்த புதுப் பெட்டிகள் நாலில் போட்டு, ஒட்டி, மேல் தட்டில் வைத்தேன். பெட்டி நன்றாக இருந்ததே. நான் புதிதாக எதையும் வாங்கி வைக்கவில்லை. ரேவதி அன்று மாட்டியது, ஆறு வருடத்துக்கு முன்பே தேய்ந்துபோய் நான் கழற்றிய பிளக்குகள்.

போனை எடுத்தேன். அவள் பெயரைத் தொட்டேன். முதல் மணி அடிப்பதற்குள் நிறுத்திவிட்டேன்.

இதை எழுதாமல் விடலாம். எழுதாவிட்டால் இந்தக் குறிப்புகளுக்கே அர்த்தமில்லை. நான் என்ன நினைத்தேன் என்றால், சொன்னால் அவள் ஒரு மணி நேரத்தில் புது பிளக் வாங்கி மாட்டிவிடுவாள். வண்டி சரியாகிவிடும். வியாழக்கிழமை ஹரிணியை ஏற்றிக்கொண்டு போய்விடுவாள். சொல்லாவிட்டால் வண்டி நிற்கும். கல்லூரியில் கேட்டு நாலு நாள் தள்ளிப்போடலாம். நாலு நாளில் விசா வந்தாலும் வரும். வந்தால் முதல் விமானம். நானே ஓட்டிக்கொண்டு போய் விடுவேன். நாலு மாதமாக வராத விசா அந்த நாலு நாளில் எப்படி வரும்? சொன்னேனே, அடைபட்டவனுக்கு லாஜிக் கிடையாது.

மறுபடி கூப்பிட்டபோது, "காயில்தான் ரேவதி. மூணாவதக் கழட்டி ஒண்ணாவதுல போட்டுப் பாரு. ஹைவேல மட்டும் எடுக்காத" என்றேன். குரல் நடுங்கவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

7

ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் அவளோடு ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் பேசினேன். அதற்கு முன் எங்கள் பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். தகவல் உண்டா, இல்லை, சாப்டீங்களா, சாப்பிட்டேன், வைக்கட்டுமா. இப்போது பேச விஷயம் இருந்தது. காயிலை எப்படிச் சோதிப்பது, ஒயரின் முனையில் பச்சை பூத்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது, பேட்டரி டெர்மினலை எப்படித் துடைப்பது. எல்லாம் உண்மையான விஷயங்கள்தான். எதுவும் அந்த வண்டிக்குத் தேவையில்லை, அவ்வளவுதான். ரேவதி பொறுமையாக "ம்", "சரிங்க", "பாக்கறேன்" என்றாள். ஹரிணி ஒரு தடவை குறுக்கே வந்து "ஹாய்பா" என்று கையை ஆட்டிவிட்டுப் போனாள். தலைமுடியை வெட்டியிருந்தாள். எப்போது வெட்டினாள் என்று எனக்குத் தெரியாது.

போனை வைத்த பிறகுதான் வண்டி நினைவுக்கு வரும். அவள் தினமும் அந்த வண்டியில்தான் வேலைக்குப் போகிறாள். நாற்சந்தியில் திரும்பும்போது நின்றுவிட்டால்? பின்னால் லாரி வந்தால்? சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொள்ளும். நாளைக்குச் சொல்லலாம் என்று இணையதளத்தைத் திறந்து பார்ப்பேன். மறுக்கப்பட்டது.

அப்பா கவனித்துவிட்டார். "என்னடா அது, மூணு நாளா காயில் காயில்ங்கற? புது பிளக் போட்டும் மிஸ்ஸாகுதுன்னா முதல்ல பிளக்கத்தானே பாக்கணும்? பெட்டிக்குள்ள என்ன இருந்துதுன்னு யார் பாத்தா?" தரப் பரிசோதனை.

"பாத்தாச்சுப்பா" என்றேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பூஜை அலமாரிக்கு முன்னால் அம்மா ஒரு சின்ன மஞ்சள் துணியை விரித்து வைத்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு ரூபாய்க் காசு. எங்கள் வீட்டில் ஏதாவது காரியம் நடக்க வேண்டும் என்றால் காசை மஞ்சள் துணியில் முடிந்து சாமிக்கு முன் வைப்பது வழக்கம். காரியம் நடந்ததும் கோயில் உண்டியலில் சேர்த்துவிடுவார்கள். என் விசாவுக்கு ஏற்கெனவே ஒன்று முடிந்து வைத்திருந்தாள். நாலு மாதத்தில் அந்தத் துணியில் மஞ்சள் வெளுத்துவிட்டது.

"இது எதுக்கும்மா?"

"ரேவதி வண்டிக்கு. அவ பாவம், அந்த நடுங்கற வண்டில தனியாப் போயிட்டு வரா. அவளுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது. பிள்ளையார்ட்ட சொல்லி முடியறேன்."

இரண்டு முடிச்சுப் போட்டு, கண்ணை மூடி, வாய்க்குள் ஏதோ சொன்னாள். பெண்டாட்டியை ஏமாற்றினேன். சரி, அது என் பாடு. இப்போது அம்மா ஒன்றும் தெரியாமல் உச்சிப்பிள்ளையாரிடம் போய் நிற்கிறாள், நான் மறைத்து வைத்திருக்கிற விஷயத்துக்கு. என்னால் அங்கே உட்கார முடியவில்லை. கேவலமாக இருந்தது. போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.

8

அங்கே காலை எட்டரை. ரேவதி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"ரேவதி, வண்டிய எடுக்காத. ஒரு நிமிஷம் நான் சொல்றதக் கேளு."

"சொல்லுங்க."

"அந்த நீலப் பெட்டில இருந்தது புதுசு இல்ல. பழசு. நான்தான் போட்டு வெச்சேன். மறந்துட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டேன். "சனிக்கிழமையே ஞாபகம் வந்துடுச்சு. சொல்லல."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று கூட இருந்தது.

"தெரியுங்க" என்றாள்.

"என்ன தெரியும்?"

"பழசுன்னு தெரியும். நீங்க போன வெச்சதும் ஒண்ணக் கழட்டிப் பாத்தேன். முனையெல்லாம் தேஞ்சிருந்துச்சு. எடுத்துட்டுப் போயி உதிரிபாகக் கடையில காட்டினேன். அவன் சிரிக்கிறான். நீங்க கழட்டினதே இதைவிட நல்லாருக்கும்மாங்கறான். நாலு புதுசு வாங்கிட்டு வந்து அன்னிக்கு மத்தியானமே மாட்டிட்டேன். ரெண்டாவது தடவை இருபத்தஞ்சு நிமிஷம்தான் ஆச்சு."

"வண்டி?"

"பூ மாதிரி ஓடுது. ஞாயித்துக்கிழமை ஹைவேல ஏத்தி ஒரு மணி நேரம் ஓட்டிப் பாத்தோம். பாதி தூரம் ஹரிணி ஓட்டினா."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. என்ன உரிமையில் வந்தது என்று கேட்காதீர்கள்.

"அப்ப ரெண்டு நாளா நான் பைத்தியக்காரன் மாதிரி காயிலப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தேனே. ஏன் சொல்லல?"

சாவிக்கொத்தின் சத்தம் கேட்டது.

"உங்களுக்கு அங்க வேற என்னங்க இருக்கு, சொல்லுங்க. நாலு மாசமா போன் பண்ணா, செத்த குரல்ல ரெண்டு வார்த்தை பேசிட்டு வெச்சுடுவீங்க. இந்த ரெண்டு நாளாத்தான் குரல் பழைய மாதிரி இருந்துச்சு. வண்டி சரியாப்போச்சுன்னு சொன்னா அதுவும் நின்னுடும். அதான் விட்டுட்டேன்."

"நான் எதுக்கு சொல்லலேன்னா..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க எதுக்கு சொல்லலேன்னு நான் கேக்க மாட்டேன்" என்றாள். "எனக்குத் தெரியும். வேலைக்கு நேரமாச்சு. போயிட்டு வரேன்."

9

கீழே வந்து அம்மாவிடம் வண்டி சரியாகிவிட்டது என்று சொன்னேன். "பாத்தியா, முடிஞ்சு ஒரு மணி நேரம் கூட ஆகல" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "பிளக்குதானே?" என்றார். ஆமாம் என்றேன்.

வியாழக்கிழமை அங்கே காலை ஆறு மணிக்குக் கிளம்பினார்கள். எனக்கு மத்தியானம் மூன்றரை. கிளம்புவதற்கு முன் ஹரிணி போனில் காரின் பின்பக்கத்தைக் காட்டினாள். கூரை வரை சாமான். மேசை விளக்கு ஜன்னலோரம் நின்றது. "ஓகேபா, பை. ஐ வில் டெக்ஸ்ட் யூ" என்றாள். நான் ஒரு வாரமாக யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் இருந்தன. "பத்திரமா போயிட்டு வாம்மா" என்பதுதான் வாயில் வந்தது.

ரேவதியின் போன் எங்கே போகிறது என்று என் போனில் பார்க்கலாம். வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி. ஹாலில் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். நான் சாப்பாட்டு மேசையில் போனை வைத்துக்கொண்டு புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவைத் தாண்டியது. பல் மருத்துவமனையைத் தாண்டியது. ஹைவேயில் ஏறியது. எந்தத் திருப்பத்தில் எந்த பெட்ரோல் பங்க் வரும் என்று எனக்கு மனப்பாடம். நானே ஓட்டுகிற மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

ஐந்தேகால் மணிக்குப் புள்ளி நின்றது.

ஒரு நிமிடம் பார்த்தேன். நகரவில்லை. இரண்டு நிமிடம். ஐந்து நிமிடம். நெஞ்சு அடித்துக்கொண்டது. பயத்தில் என்று நினைத்தீர்களானால் நீங்கள் நல்லவர்கள். பயமும் இருந்தது. அதற்குக் கீழே, எழுத வெட்கமாக இருக்கிறது, நின்றுவிட்டதா, வண்டி நின்றுவிட்டதா, நான் இல்லாமல் முடியவில்லையா என்று ஒரு சந்தோஷம் தலையைத் தூக்கிப் பார்த்தது. எட்டாவது நிமிடம் போன் செய்தேன்.

"என்னங்க?" என்றாள் ரேவதி. பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம், கதவு சாத்துகிற சத்தம்.

"எங்க நிக்கறீங்க? வண்டிக்கு ஏதாவதா?"

"காபி குடிக்க நிறுத்தினோங்க. ஹரிணிக்குப் பசிச்சுதாம். வண்டிக்கு என்ன, அது நல்லாத்தான் ஓடுது. நீங்க சாப்டீங்களா?"

சாப்பிட்டேன் என்றேன். புள்ளி மறுபடி நகர ஆரம்பித்தது.